மழை பெய்த பிறகு சாகும் மரம்

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் 2017 கோடையைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "காஞ்சு கெடந்தப்பக்கூட மரம் நின்னுச்சுங்க. மழை பேஞ்சு, கெணத்துல தண்ணி ஊறுனதுக்கு அப்பறம் கொண்டை சாஞ்சுபோச்சு. அதெப்படிங்க தண்ணி வந்ததும் சாகும்?"

நியாயமான கேள்விதான். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டை ஏறக்குறைய முழுதாகவே கைவிட்டது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய பருவத்தில் 170கூடப் பெய்யவில்லை. இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அதற்குப் பின் வந்த கோடையில் கோவை, திருப்பூர், திண்டுக்கல், தேனி என்று எங்கு பார்த்தாலும் கொண்டை கருகிய தென்னைகள். போர்வெல்லை ஆயிரம் அடிக்கு இறக்கியும் புகைதான் வந்தது என்று சொல்லாத ஊரில்லை. லாரித் தண்ணீர் வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்கள் உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், மரம் எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் சுற்றுவழி. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறட்டும்.

கிணற்றுமேட்டில் மோட்டார் வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் இருபத்தைந்து அடிக்குக் கீழே போன தண்ணீரை இழுக்காது. ஏட்டுக் கணக்கில் 10 மீட்டர்வரை இழுக்க வேண்டும், நடைமுறையில் ஏழு எட்டு மீட்டரோடு சரி. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளிக்கொடுக்கிற உயரம் அவ்வளவுதான். அதனால்தான் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரையும் இறக்கினார்கள். பிறகு கம்ப்ரசர் வந்தது, சப்மெர்சிபிள் வந்தது. ஆனால் 20 மீட்டர் உயர நெட்டைத் தென்னை எந்த மோட்டாரும் இல்லாமல் கொண்டைவரை தண்ணீர் ஏற்றுகிறது. கலிஃபோர்னியாவில் ரெட்வுட் என்றொரு மரம் 115 மீட்டருக்கும் மேல் ஏற்றுகிறது.

டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இருவர் 1894இல் இதற்குச் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிற்கிறது. வேர் தண்ணீரை மேலே தள்ளுவதில்லை, இலை மேலிருந்து இழுக்கிறது. இலைக்குள் ஈரமாக இருக்கும் செல்சுவர்களிலிருந்து நீர் ஆவியாகும்போது, போன நீரின் இடத்துக்குப் பின்னாலிருக்கும் நீர் நகர்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விடாமல் பற்றிக்கொள்பவை. ஆகவே இந்த இழுப்பு இலையில் தொடங்கி, சைலம் என்ற மெல்லிய குழாய்கள் வழியாக வேர்நுனி மண்வரை ஒரே தொடராகப் போகிறது. நல்ல வெயிலில் இலைக்குள் இருக்கும் இழுவிசை காற்றழுத்தத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்குகூட ஆகும். அதாவது பகல் முழுக்க மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்கியிருப்பதில்லை, விறைப்பாக இழுபட்டு நிற்கிறது.

இழுபட்டு நிற்கிற எதுவும் அறுபடலாம். மண்ணில் ஈரம் குறையக் குறைய மண் தன்னிடம் மிஞ்சிய நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, மரமும் இன்னும் வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு குழாயில் காற்றுக்குமிழி புகுந்துவிடுகிறது. ஃபுட் வால்வு கசிந்து சக்ஷன் பைப்பில் காற்று புகுந்தால் என்ன ஆகிறது? மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் வராது. அதேதான். அந்தக் குழாய் அதோடு செயலற்றுப்போகிறது. மோட்டாருக்காவது மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றலாம். மரத்தின் பெரிய குழாய்களுக்கு, இழுவிசை இருக்கும்வரை, அந்த வசதி ஏறக்குறைய இல்லை.

இது நடக்கும்போது சத்தம் கேட்கும் என்றால் நம்புவீர்களா? ஜான் மில்பர்னும் ஆர். பி. சி. ஜான்சனும் 1966இல் கேட்டுக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நமக்குப் பழகிய ஆமணக்கு. இலைக்காம்பில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்தி இலையை வாடவிட்டால், 'டிக்' 'டிக்' என்று ஒலி வந்தது. ஒவ்வொரு டிக்கும் எங்கோ ஒரு நீர்க்கம்பி அறுந்ததன் அதிர்வு. இலைமேல் நீர் தெளித்தால் ஒலி அடங்கியது. நம் காதுக்கு நேராகக் கேட்காது, அவ்வளவுதான். பங்குனி மதியத்தில் ஒரு தோப்புக்குள் நிற்கும்போது நம்மைச் சுற்றி இது நடந்துகொண்டிருக்கலாம்.

அறுபடும் என்று தெரிந்தால் இழுப்பதை நிறுத்திவிடலாமே? நிறுத்தத்தான் பார்க்கிறது. இலையில் நுண்ணிய துளைகள் உண்டு. தென்னையில் அவை ஓலையின் அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் இரண்டு காப்பு செல்கள். அவை நீர் நிறைந்து புடைத்தால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடிக்கொள்ளும். வேரும் இலையும் காய்வதை உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. அது காப்பு செல்களைத் தொட்டதும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியேறுகிறது, அதன் பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது, துளை மூடுகிறது.

இதில் தென்னைக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. பொட்டாசியம் நேர்மின் சுமை கொண்டது, தனியாகப் போய் வர முடியாது, கூட ஒரு எதிர்மின் துணை வேண்டும். பல தாவரங்கள் மாலிக் அமிலத்தைத் தாங்களே தயாரித்து அந்தத் துணையாக வைத்துக்கொள்கின்றன. தென்னைக்குக் குளோரைடு தேவைப்படுகிறது. உப்பில் இருப்பது அதுதானே! தென்னங்கன்று வைக்கும் குழியில் கைப்பிடி உப்புப் போடுவதைப் படித்தவர்கள் வெகுகாலம் கேலி பேசினார்கள். கரையான் வராமலிருக்க என்று போடுபவர்களும் காரணம் சொன்னார்கள். ஆனால் குளோரைடு குறைந்த தென்னை தன் இலைத்துளையைச் சரியாக ஆளத் தெரியாமல் திணறும் என்பது ஆய்வில் தெரிந்த பிறகு, பிலிப்பைன்ஸில் தென்னை வாரியமே உப்பை உரமாகப் பரிந்துரைத்தது. நம் ஊரில் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் போடச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். அது பொட்டாசியம் குளோரைடு. ஒரே மூட்டையில் இரண்டும் வந்துவிடுகின்றன. அதற்காக உப்புத் தண்ணீர் போர்வெல்லை நாள் தவறாமல் பாய்ச்சினால் நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். களிமண்ணில் உப்பு தங்கிவிட்டால் அதுவே மண்ணோடு சேர்ந்துகொண்டு நீரைப் பின்னுக்கு இழுக்கும். பிச்சாவரத்தில் கழுத்தளவு நீரில் நிற்கும் கண்டல் மரங்களின் பாடு இதுதான். கடல்நீரின் உப்பு சுமார் 25 காற்றழுத்த வலுவோடு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது, அதை மிஞ்சி இழுத்தால்தான் ஒரு சொட்டு வேருக்குள் வரும். ஆகவே கண்டல் நீரில் நின்றுகொண்டே பாலைவனச் செடிக்குள்ள இழுவிசையோடு வாழ்கிறது.

இலைத்துளைக்கு வருவோம். மூடிவிட்டால் தண்ணீர் மிச்சம். ஆனால் மரத்தின் வாயும் அதே துளைதான். கரியமில வாயு வரும் வழி வேறில்லை. காற்றில் அந்த வாயு இருப்பதே 0.04 சதவீதம். இலைக்குள்ளோ ஈரம் நிறைந்து ததும்புகிறது. எனவே ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. திறந்தால் தாகம், மூடினால் பசி. மரத்தின் வறட்சிக் கதை முழுவதும் இந்த ஒரே இக்கட்டின் பல வடிவங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு மரமும் இதற்கு ஒவ்வொரு சமரசம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்ஸிகோ பக்கத்தில், பின்யோன் என்ற பைன் மரமும் ஜூனிபரும் ஒரே மண்ணில் கலந்து வளர்கின்றன. பின்யோன் கெட்டிக்காரத்தனமாகச் சீக்கிரமே துளைகளை மூடிவிடும். ஜூனிபர் மூடாது. இழுவிசை ஏறினாலும் பரவாயில்லை என்று இழுத்துக்கொண்டே இருக்கும், அதன் குழாய்கள் அதைத் தாங்கும். 2002ஐ ஒட்டிய கடும் வறட்சியில் எது செத்திருக்கும்? சிக்கனக்காரப் பின்யோன்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஜூனிபர் பெரும்பாலும் தப்பியது. மாதக்கணக்கில் துளையை மூடி வைத்திருந்த பின்யோன் சேமித்த மாவுச்சத்தைத் தின்று தீர்த்தது, பட்டைதுளைக்கும் வண்டுகளை விரட்டப் பிசின் சுரக்கவும் அதனிடம் தெம்பு குறைந்தது என்று நேட் மெக்டவலும் உடனிருந்தவர்களும் 2008இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். அப்போது கிளம்பிய வாதம்: வறட்சியில் மரம் தாகத்தால் சாகிறதா, பசியால் சாகிறதா?

2017இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு இதற்கு ஓரளவு பதில் சொன்னது. வறட்சியில் செத்த எல்லா வகை மரங்களிலும் நீர்க்குழாய்களின் திறன் 60 சதவீதமோ அதற்கு மேலோ போயிருந்தது. பசியின் அறிகுறி சிலவற்றில் மட்டும் தெரிந்தது. ஆக, கடைசி அடி தாகத்துடையது, பசி பல இடங்களில் அதற்கு வழிகோலுகிறது. இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2012இல் பிரெண்டன் சோட் குழுவினர் 226 மரவகைகளை ஒப்பிட்டுக் கண்டது. அவற்றில் 70 சதவீதம், குழாய் அறுபடும் எல்லைக்கு மிக அருகிலேயே அன்றாடம் வாழ்கின்றன. மழைக்காட்டு மரம், வறள்காட்டு மரம் என்ற பேதம் இதில் பெரிதாக இல்லை. ஈரமான ஊரில் வளரும் மரம் வசதியாக இருக்கும் என்று நினைக்கிறோம். அது தன் ஊரின் மழைக்கு ஏற்றபடி கணக்காகச் செலவழிக்கிறது. பத்து மில்லிமீட்டர் மழையில் வாழப் பழகியவனுக்கும் நூறில் வாழப் பழகியவனுக்கும் மழை பாதியானால் கஷ்டம் ஒன்றுதான்.

இலை உதிர்ப்பதைப் பலரும் நோயாகப் பார்க்கிறார்கள். தெருவோரப் புங்கை மாசியில் மொட்டையானால் 'பட்டுப்போச்சு' என்று வெட்ட வந்துவிடுவார்கள். உண்மையில் உதிர்ப்பது மரத்தின் கையிலிருக்கும் நல்ல உபாயங்களில் ஒன்று. காம்பின் அடியில் ஒரு செல்லடுக்கை வைத்து அடைத்து, அதற்குமுன் இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு, பிறகே கழற்றி விடுகிறது. ஆவியாகும் பரப்பு போனதும் தண்டில் இழுவிசை தளர்கிறது. ஆழத்து வேர் கொண்டுவரும் கொஞ்சம் நீரிலேயே தண்டு மெல்ல ஊறிவிடுகிறது. ஊறிய தண்டில் மொட்டு விரிகிறது. அதனால்தான் மழைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே, பங்குனி வெயிலில், வேம்பு செம்புநிறத் தளிர் விடுகிறது. புங்கை ஒரே வாரத்தில் பளபளவென்று பச்சையாகிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பதே இந்த ஏற்பாட்டினால்தான். ஆசியப் பருவமழைக் காடுகளின் இந்தப் புதிரை எலியட், பேக்கர், போர்ஷர்ட் மூவரும் 2006இல் விரிவாக எழுதினார்கள். நாள் நீள்வதே மொட்டுக்குச் சமிக்ஞை என்பது அவர்கள் கருத்து. மழை வரும் அன்று முழு இலையோடு தயாராக நிற்கும் மரத்துக்கு ஒளிச்சேர்க்கையில் முதல் பந்தி கிடைக்கும் அல்லவா?

இங்கே சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதே 2017இல் அதை வேரோடு பிடுங்க மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட, ஊரே மண்வெட்டியோடு கிளம்பியது. அது பரவும் வேகத்துக்கும், கண்மாய்களை அடைத்துக்கொள்வதற்கும் அதை எதிர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் 'காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சிவிடுகிறது' என்று அப்போது மேடை மேடையாகச் சொன்னார்களே, அது மரத்தைத் தலைகீழாகப் படித்தது. ஈரம் இலையிலிருந்து காற்றுக்குப் போகிறது. சீமைக்கருவேலத்தின் பலம் மண்ணுக்கடியில். அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது அதன் பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் உயிருள்ள வேர் 53 மீட்டர் ஆழத்தில் இருந்ததாக 1963இல் பதிவு இருக்கிறது. நம் கிணறுகள் பலவற்றைவிட ஆழம்.

வெப்பத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏற்கக்கூடிய ஈராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் மண்ணில் அதே அளவு ஈரம் இருந்தாலும் வெப்பக்காற்று வீசும் நாளில் இலையிலிருந்து பிடுங்கப்படும் நீர் அதிகம். துளையை மூடினால் வேறொரு வம்பு. நீராவிப்போக்கு நின்றதும் இலை குளிர்வது நின்று, காற்றைவிடச் சூடாகிறது. வெப்பமண்டல மரங்களில் இலை 46, 47 டிகிரியைத் தொட்டால் ஒளிச்சேர்க்கையின் இயந்திரமே குலையத் தொடங்குகிறது. தென்னங்கீற்றின் இலைகள் மதியத்தில் நடுநரம்போடு மடிந்து தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மாலையில் விரித்துவிட்டால் நல்லது. காலையிலும் மடிந்தே இருந்தால் இரவில்கூட மரம் ஊறவில்லை என்று பொருள்.

தண்ணீர் மிஞ்சினாலும் இதே கோலம்தான். வெள்ளத்தில் வேருக்குப் பிராணவாயு கிடைக்காது, மூச்சில்லாத வேர் நீரை உள்ளே விடாது, நீரில் நின்றபடி இலை வாடும். ஆற்றங்கரை மருதத்துக்கு அது பழக்கம். மற்றவற்றுக்கு இல்லை.

இனித் தென்னைக்கு வரலாம். வேம்போ மாவோ, பட்டைக்கு உள்ளே கேம்பியம் என்றொரு படலம் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் அது புதுக் குழாய்களைச் சேர்த்துக்கொண்டே போகும். இந்தக் கோடையில் பாதிக் குழாயில் காற்றடைத்துவிட்டாலும், பிழைத்துவிட்டால் அடுத்த மழைக்குப் புதிது போட்டுக்கொள்ளலாம். தென்னைக்குக் கேம்பியம் இல்லை. அது பனையும் பாக்கும் புல்லும் சேர்ந்த ஒருவித்திலைக் கூட்டம். தண்டின் எந்தப் பகுதி எந்த ஆண்டு உருவானதோ, அன்று போட்ட குழாய்தான் அந்த இடத்தில் கடைசிவரை. அறுபது எழுபது வயது மரத்தின் அடித்தண்டில் ஓடுவது அதன் சிறுவயதுக் குழாய்கள். யோசித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மாற்ற முடியாததால் அவற்றைக் காப்பாற்றுவதில் மரம் கறாராக இருக்கிறது. துளையைச் சீக்கிரம் மூடுகிறது. ஓலையில் மெழுகுப் பூச்சு போட்டுக்கொள்கிறது, வறட்சி தாங்கும் ரகங்களில் இது கூடுதல் என்று காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குட்டை ரகத்தைவிட நெட்டை தாங்கும் என்று தோப்புக்காரர்கள் சொல்வதும் சரியே. தண்டின் சோற்றுப்பகுதியில் மரம் நீரைச் சேமித்தும் வைத்திருக்கிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஓலை தண்டில் சேரும் இடத்தில் நீர்வழி இடுக்கமாக இருக்கும். அலுவலகங்களில் தொட்டியில் வைக்கும் ராபிஸ் என்ற சிறு பனையில் மார்ட்டின் சிம்மர்மன் 1980களில் இதை விளக்கினார். நெருக்கடி வந்தால் முதலில் ஓலையில் காற்றடைக்கும், தண்டுக்குள் அது பரவாது. மறுபடி உண்டாக்கக்கூடியதை விட்டுக்கொடுத்து, உண்டாக்க முடியாததைக் காப்பது. வறட்சியில் அடிமட்டைகள் தொங்கிப்போய்த் தண்டை ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுவே. மரம் கையைக் கொடுத்துத் தலையைக் காப்பாற்றப் பார்க்கிறது.

அந்தத் தலை ஒன்றே ஒன்று. கிளையில்லாத மரத்துக்குக் குருத்து போனால் எல்லாம் போயிற்று. அதுவோ மட்டைகளுக்கு நடுவே பொதிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள மட்டைகள் நார்த்தன்மை கொண்டவை, குருத்து செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும்.

இப்போது தோப்புக்காரரின் கேள்வியைத் திரும்ப எடுக்கலாம். கோடையில் 'நின்ற' மரம் தண்டிலிருந்த சேமிப்பைக் குடித்தும், மாவுச்சத்தைத் தின்றும் நின்றது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பும் வேர்களில் பெரும்பாலானவை இரண்டு மீட்டர் ஆரத்துக்குள்தான். நீர் உறிஞ்சுவது அவற்றின் இளம் நுனிகள். காய்ந்த மண்ணில் அந்த நுனிகள் செத்துவிட்டிருக்கும். மழை பெய்ததும் மண்ணில் தண்ணீர் இருக்கிறது, குடிக்க வாயில்லை. புது நுனி விட வேண்டுமானால் சர்க்கரை வேண்டும், அது கோடையிலேயே தீர்ந்துபோயிற்று. தண்டில் அடைத்துப்போன குழாய்களுக்கு மாற்றில்லை. போதாததற்கு, மழை ஈரத்தில் குருத்தழுகல் பூஞ்சை வருகிறது, சொங்கிப்போன மரத்தில் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் ஏறுகின்றன. சாவு எழுதப்பட்டது சித்திரையில், கண்ணுக்குத் தெரிந்தது ஐப்பசியில்.

சாகாத மரத்திலும் கணக்கு முடிவதில்லை. ஒரு தேங்காயின் பிறப்பு, பாளை வெடிப்பதற்கு ஏறக்குறைய 32 மாதம் முன்பே குருத்துக்குள் தொடங்கிவிடுகிறது. வெடித்த பின் முற்ற இன்னொரு 12 மாதம். மொத்தம் 44 மாதம். இந்த நீண்ட பாதையில் எந்த இடத்தில் வறட்சி அடிக்கிறதோ அதற்கேற்பச் சேதம்: ஏற்கெனவே வெளிவந்த பாளையில் குரும்பை கொட்டும், முற்றப் போகிற காய் ஒல்லிக்காயாகும், உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பாளை கருகும் அல்லது பெண்பூ குறைந்து வரும். 2017 ஏப்ரலில் குருத்துக்குள் கருவாகிய குலையைப் பறிப்பது 2020 இறுதியில். இடையில் நல்ல மழை பெய்திருந்தாலும் அந்த ஆண்டுகளின் காய்ப்பில் பழைய வறட்சி இருக்கும். உலகின் 1,338 காட்டு இடங்களில் மரவளையங்களைப் பார்த்தவர்கள், வறட்சிக்குப் பின் வளர்ச்சி இயல்புக்குத் திரும்ப ஒன்றிலிருந்து நான்கு ஆண்டு ஆகிறது என்று 2015இல் எழுதினார்கள். தென்னை விவசாயிக்கு இது புதுச்செய்தியாக இருந்திருக்காது. நிவாரணத்துக்குக் கணக்கெடுப்பவர்கள் அந்தக் கோடையில் செத்த மரத்தை மட்டும் எண்ணினால், நட்டத்தில் பாதியைக்கூட எண்ணியவர்கள் ஆக மாட்டார்கள்.

மரத்தில் வளையம் இல்லாவிட்டாலும் தென்னையும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. தண்டைப் பாருங்கள். மட்டை விழுந்த வடுக்கள் வரிவரியாக இருக்கும். நன்றாக வளர்ந்த மரம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைக்குக் குறையாமல் விடும், ஆகவே பன்னிரண்டு வடு ஏறக்குறைய ஒரு வருடம். செழிப்பான காலத்தில் வடுக்கள் இடைவெளி விட்டு இருக்கும். கஷ்டகாலத்தில் நெருங்கிவிடும், அந்த இடத்தில் தண்டும் இடுப்புச் சிறுத்திருக்கும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடுப்பு பெருக்காது, தென்னைத் தண்டு பின்னாளில் தடிக்காது. மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தால் எந்த வருடம் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். வயதான தோப்புகளில் ஒரே உயரத்தில் வரிசையாக எல்லா மரத்துக்கும் இடுப்பு ஒடுங்கியிருப்பதைக் காணலாம்.

செய்வதற்கு என்ன இருக்கிறது என்றால், பெரும்பாலும் கோடைக்கு முன்னால் செய்ய வேண்டியவைதான். 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி, அதில் நூறு உரிமட்டை, முதுகு மேலே பார்க்கும்படி. இல்லாவிட்டால் காய்ந்த ஓலை, அல்லது நார்க்கழிவு பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு. வேர் இருப்பது அந்த வட்டத்துக்குள் என்பதால் அந்த அளவு. தண்ணீர் குறைவாக இருந்தால் வாய்க்காலில் விட்டு வீணாக்குவதைவிடச் சொட்டுநீரில் சிறுகச் சிறுக. நெருக்கடியில் அடிமட்டை நாலைந்தை வெட்டிவிடுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன், மரமே செய்யப்போகிற வேலை அது. பச்சை மட்டை அத்தனையையும் கழித்துக் கொண்டையை மட்டும் விடுவதுதான் விபரீதம், பசித்தவனின் கஞ்சிச் சட்டியைப் பறிப்பது அது. மழை வந்த கையோடு பழைய அளவுக்கு மொத்த உரத்தையும் கொட்ட வேண்டியதில்லை. உறிஞ்ச வேர்நுனி வரும்வரை பொறுத்து, பிரித்துப் போடலாம்.

பிழைத்ததா இல்லையா என்பதைப் பச்சையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆள் ஏறும்போது, விரியாமல் ஈட்டிபோல நிற்கும் நடுக்குருத்தில், பக்கத்து மட்டையின் மட்டத்துக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தெம்புள்ள மரம் மாதத்துக்கு ஒரு மட்டை விரிக்கும், கோடு மேலே ஏறிவிடும். அடிபட்ட மரத்துக்கு இரண்டு மூன்று மாதம்கூடக் கொடுக்கலாம். அதற்கும் கோடு போட்ட இடத்திலேயே இருந்து, குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால், மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான். கூன்வண்டு அடுத்த மரத்துக்குப் போவதற்குள்.